அடுப்பங்கரையில் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது

சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரங்கள் இருக்கும்போது, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தாமான் எனப்படும் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு கரித்துணி எரிந்தது. எட்டு வயது மகன் மைலோ பானம் கலக்க வெந்நீர் வைத்திருக்கிறான். அடுப்போரம் கிடந்த துணியின் நுனியில் தீப் பற்றிக்கொண்டது. வாசலில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்குத்தான் முதலில் கருகல் வாடை எட்டியது. அவர் ஓடிவந்து அடுப்பை அணைத்து, இடுக்கியால் துணியைத் தூக்கித் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். மகனை எங்கும் காணவில்லை. தேடிப் பார்த்தால், படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தான். கையைப் பிடித்து வெளியே இழுத்தபோது அவன் சொன்ன முதல் வார்த்தை, "அடிக்காதீங்கம்மா" என்பதுதான்.

முந்தைய வாரம் ஒரு பீங்கான் தட்டை உடைத்ததற்காக அவனை நான் கடுமையாக ஏசியிருந்தேன். தீயைவிட என் கோபத்துக்கே அவன் அதிகம் பயந்திருக்கிறான் என்பது எனக்குப் புரிந்தபோது உடல் நடுங்கிவிட்டது. அடுப்புப் பக்கம் போகாதே என்று நூறு முறை சொல்லியிருக்கிறோம். போய்விட்டால், தீயும் பிடித்துவிட்டால், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை. தீயைக் கண்ட சிறு பிள்ளைகள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்வது தீயணைப்பு வீரர்கள் நன்கறிந்த ஒன்று. புகை நிறைந்த வீட்டில் அப்படி ஒளிந்த பிள்ளையைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். அன்று இரவே அவனை மடியில் இருத்தி, "நீயே பற்ற வைத்திருந்தாலும், ஓடிவந்து சொன்னால் அம்மா ஏச மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

என் அம்மா அவன் வயதில் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், தனியாக அடுப்பு மூட்டியவர். இருட்டோடு தாத்தாவும் பாட்டியும் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போய்விட, உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பால் துண்டைப் போட்டு ரப்பர் விறகைப் பற்ற வைத்துத் தம்பிகளுக்குக் கஞ்சி காய்ச்சுவாராம். ஆகையால், பிள்ளைகளுக்குத் தானாகப் பழகிவிடும் என்பது அவர் எண்ணம். அதில் எனக்கு உடன்பாடில்லை. விறகு புகைந்தும் வெடித்தும் தன்னைக் காட்டிக்கொடுக்கும், கேஸ் அப்படியன்று. அது காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். அதற்கென்று சொல்லும்படியான வாடை கிடையாது. நாம் முகரும் அந்த அழுகல் நாற்றம், கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே கலக்கப்படுவது. கேஸ் தோம்பு (சிலிண்டர்) மாற்றும்போது ஒரு நொடி வரும் அந்த வாடையைப் பிள்ளைகள் இருவருக்கும் காட்டி, இது வந்தால் விளக்கு, காற்றாடி எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே போய்ப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. முறுக்கு சுட உதவுகிறாள். அவளுக்கு எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணெய் பற்றிக்கொண்டால் கை தானாகத் தண்ணீருக்குப் போகும், அதுதான் ஆபத்து. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமாகையால் அடியில் இறங்கி, அந்தச் சூட்டில் நொடியில் ஆவியாகி, ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை மேலே தூக்கி எறியும். அடுப்பே பற்ற வைக்காமல், ஆறிய எண்ணெய்ச் சட்டியை வைத்துப் பழக்கினேன்: மூடியைக் கேடயம் போல முன்னே பிடித்து, பக்கவாட்டில் நகர்த்தி மூட வேண்டும், எட்டினால் அடுப்பை அணைக்க வேண்டும், சட்டியைத் தூக்கவே கூடாது, ஆறும்வரை மூடியைத் திறக்கவும் கூடாது. முதல் இரண்டு தடவை அவள் மூடியை மேலிருந்து போட்டாள். அப்படிச் செய்தால் முழங்கை நெருப்புக்கு நேர் மேலே வரும் என்பதை அவளே கையை வைத்துப் பார்த்துக் கண்டுகொண்டாள்.

மகனுக்கும் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கலாமே என்று உறவினர் கேட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தீயை அணைக்கும் வேலை வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவனுக்கு இரண்டே வேலைகள்: வெளியே ஓடி வாசல் கேட்டருகில் நிற்பது, சத்தம் போட்டுச் சொல்வது. புகை இருந்தால் தவழ்ந்து வர வேண்டும். பொம்மைக்காகக்கூட உள்ளே திரும்பக் கூடாது.

சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையும் கிச்சாப்பும் (சோயா சாஸ்) தடவும் பழக்கத்தை அம்மா விட நாளாயிற்று.

கடைசியாக, அவசர அழைப்பு எண் 999. எடுப்பவரிடம் மலாயில் பேச வேண்டியிருக்கும் என்பதால், வீட்டு எண், லோரோங் (சந்து), தாமான் பெயர், பக்கத்துக் கோயில் எல்லாவற்றையும் மலாயில் சொல்ல மகன் ஒரு வாரம் பழகினான். லயத்தில் வீட்டுக்கு வெறும் எண் மட்டுமே இருந்த காலத்து அம்மா, அவனோடு உட்கார்ந்து தாமும் படித்தார். இப்போது இருவருக்கும் தடுமாறாமல் வருகிறது.