பந்தயத்துக்கு எட்டு வாரம்

மார்ச் 3, திங்கள்

ஏப்ரல் 27 அன்று பந்தயம். 10 கி.மீ. ஓட்டம், வழியில் 25 தடைகள். சுவர் ஏற வேண்டும், முள்கம்பிக்கு அடியில் தவழ வேண்டும், மணல் மூட்டை சுமக்க வேண்டும், கயிறும் மங்கி பாரும் (தலைக்கு மேலே வரிசையாக இருக்கும் கம்பிகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கடப்பது) உண்டு. இன்று கயிற்றில் ஐந்து முறை ஏறிவிட்டு 400 மீட்டர் ஓட்டம் எட்டு முறை ஓடினேன். ஒவ்வொன்றும் 1:38 சுற்றி வந்தது. மூச்சு சீக்கிரமே தணிந்துவிட்டது. அதனால் நாளைக்கும் கடினப் பயிற்சியே வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

ஆறு நாளில் ஐந்து கடினப் பயிற்சி ஆகிவிட்டது. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடி பார்த்தேன்: 63. வழக்கமாக 54, 55 தான் இருக்கும். ஒரு நாள் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கம் கெட்டாலும் ஏறும், காய்ச்சல் வரப்போனாலும் ஏறும். ஆனால் மூன்று நாளாக இறங்கவே இல்லை. 400 மீட்டர் 1:46 ஆகிறது, அதுவும் அதே வேகத்தில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு ஓடும்போது. யார் என்ன சொன்னாலும் எரிச்சல் வருகிறது. நாளை முழு ஓய்வு.

மார்ச் 11, செவ்வாய்

குடத்தைத் தூக்கும்போது வலது முழங்கையின் உட்பக்கம் சுரீரென்றது. அங்கே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் சரியாக ஓர் இடத்தில், ஒரு பொத்தான் அளவுக்கு வலி. பாட்டில் மூடியைத் திருகும்போதும் அதே இடம்தான்.

மாலையில் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டினேன். பெயர் கோல்ஃபர்ஸ் எல்போ, கோல்ஃப் ஆடாதவர்களுக்கும் வரும் என்றார். மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை அந்த ஓர் எலும்பில்தான் வந்து சேர்கின்றன. எதை இறுக்கிப் பிடித்தாலும் சுமை அங்கே போய் விழும்.

மார்ச் 12, புதன்

ராத்திரி தூக்கம் வரவில்லை. பயிற்சி நோட்டை எடுத்துக் கடந்த மூன்று வாரத்தையும் திரும்பப் பார்த்தேன். திங்கள் கயிறு, செவ்வாய் மூட்டை, புதன் கம்பியில் தொங்கல், வியாழன் வாளி சுமத்தல். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயர் இருந்ததால் வேறு வேறு பயிற்சி என்று நினைத்திருந்தேன். காலுக்கு ஓய்வு என்று எழுதிய நாட்களில்கூடக் கம்பியில் தொங்கியிருக்கிறேன். பிடிமானம் தேவைப்பட்ட நாட்களைச் சிவப்பு மையில் சுழித்துப் பார்த்தால் 21 நாளில் 16.

முழங்கைக்குக் கயிறு, மூட்டை, வாளி என்ற பேதமெல்லாம் கிடையாது. மூன்று வாரமாக அதற்கு ஓய்வே கொடுக்கவில்லை. மூச்சு சில வாரத்தில் தேறிவிடும். தசையும் ஓரளவு சீக்கிரம் தேறும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அப்படி இல்லை, அது பலப்பட மாதக்கணக்கில் ஆகும். நெஞ்சு தயாராக இருக்கிறதே என்று கையையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். இந்தப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கும் யாரும் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான் என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

புது ஏற்பாடு. பிடிமானப் பயிற்சி வாரத்தில் இரண்டே நாள், திங்களும் வியாழனும். வேக ஓட்டமும் அதே இரண்டு நாளில்தான். கடினமானதையெல்லாம் சேர்த்து முடித்துவிட்டால் மற்ற நாட்கள் உண்மையிலேயே லேசாக இருக்கும். முன்பு எல்லா நாளும் நடுத்தரமாகவே போய்க்கொண்டிருந்தது. லேசும் இல்லை, முழு வேகமும் இல்லை.

முதல் இரண்டு வாரம் கயிறு வேண்டாம் என்று பிசியோ சொல்லிவிட்டார். ஆனால் கையைச் சும்மா வைத்திருக்கவும் கூடாதாம். சிறிய டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை மிக மெதுவாக இறக்கி ஏற்ற வேண்டும். லேசான வலி இருக்கலாம், மறுநாள் காலை அது கூடியிருக்கக் கூடாது.

மார்ச் 19, புதன்

லேசான ஓட்டம், 45 நிமிடம். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். எல்லோரும் தாண்டிப் போனார்கள். நீண்டதூர ஓட்டத்தில் உச்சத்தில் இருப்பவர்கள் பயிற்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தை இப்படி மெதுவாகத்தான் செய்கிறார்கள் என்று ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். அதை நினைத்துக்கொண்டே ஓடினேன்.

மார்ச் 27, வியாழன்

நாடி 55. கார்ல் ஃபோஸ்டர் என்ற ஆய்வாளர் கொடுத்த எளிய முறையில் இப்போது கணக்கு வைக்கிறேன். பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், அதை நிமிடங்களால் பெருக்க வேண்டும். 60 நிமிடம், மதிப்பெண் 7 என்றால் 420. மார்ச் முதல் வாரத்துக்குப் போட்டுப் பார்த்தேன், 2,900 வந்தது. இந்த வாரம் 1,700ஐத் தாண்டாது. அப்படியும் இன்று 400 மீட்டர் 1:36. பிடிமானத்துக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி போட்டிருக்கிறேன், மொத்தத்தோடு சேர்ப்பதில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

சனிக்கிழமை வேண்டுமென்றே நீண்ட சரிவில் இறங்கி ஓடினேன். நேற்றைவிட இன்று தொடையில் வலி அதிகம். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று பலர் சொல்வார்கள். அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது, அதில் வரும் நுண்ணிய சேதம்தான் இந்த வலி. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். ஒரு முறை இப்படி அடிபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவு சேதப்படாது. அதற்காகத்தான் பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஓடினேன். இன்றைய வேக ஓட்டத்தை நாளை மறுநாளுக்குத் தள்ளிவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

இனி இரண்டு வாரம் பயிற்சியைக் குறைக்கும் காலம். தூரம் பாதியாகிறது, வேகம் அப்படியே. எட்டுக்குப் பதில் நான்கு 400 மீட்டர். கயிறு இரண்டே முறை. பத்து மணிக்குப் படுக்கை, எட்டு மணி நேரம் தூக்கம். ஐஸ் குளியல் எடுக்கச் சொன்னார்கள், நான் எடுக்கவில்லை. தூக்கம் சரியாக இருந்தால் எனக்கு அது தேவைப்படுவதில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

நாடி 53. கம்பியில் 40 விநாடி தொங்கினேன், முழங்கை அமைதியாக இருக்கிறது. உள்ளங்கைக் காய்ப்புகளைப் நுரைக்கல்லால் தேய்த்து மட்டப்படுத்தினேன். மேடாக விட்டால் கம்பியில் சிக்கித் தோல் அப்படியே உரிந்துவிடும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முடித்துவிட்டேன். 25 தடைகளில் 24. மங்கி பாரில் கம்பிகள் சேற்று ஈரத்தில் வழுக்கின, பாதியில் விழுந்தேன். கடைசிக் கயிற்றில் ஏறி மணியை அடித்தபோது கையில் இன்னும் பலம் மிச்சம் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் எவ்வளவு மகிழ்ச்சி!

ஏப்ரல் 29, செவ்வாய்

படி இறங்கக் கைப்பிடி தேவைப்படுகிறது. தொடை இந்த வார இறுதிக்குள் சரியாகிவிடும். முழங்கையை அழுத்திப் பார்த்தேன், பழைய இடத்தில் லேசாக ஏதோ இருக்கிறது. மே 8 வரை கயிறு இல்லை என்று நோட்டில் எழுதிவிட்டேன். இப்போது அரை மணி நேரம் நடக்கப் போகிறேன்.