கேட்டவருக்கெல்லாம் கார்டு உண்டு

என்னோடு ரேடியோவில் பேசிவிட்டு யார் க்யூஎஸ்எல் கார்டு அனுப்பினாலும் பதில் கார்டு போட்டுவிடுவேன். அந்த நாட்டோடு ஏற்கெனவே எத்தனையோ தடவை பேசியிருந்தாலும் சரி, பேச்சு அரை நிமிடத்தில் முடிந்திருந்தாலும் சரி. "எல்லாம்தான் ஆன்லைனிலேயே கன்ஃபர்ம் ஆகிவிடுகிறதே, இன்னும் எதற்குத் தபால்?" என்று ஹாம் நண்பர்களே கேட்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஹாம் ரேடியோ பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வரி. உரிமம் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக வானலையில் பேசுவதுதான் ஹாம் ரேடியோ; பேசுபவர் ஹாம். இரண்டு நிலையங்கள் வானலையில் தொடர்பு கொண்டு முடித்த பிறகு, "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த பேண்டில் (அலைவரிசைப் பகுதியில்) உங்களைக் கேட்டேன், பேசினேன்" என்று எழுத்தில் உறுதி செய்து அனுப்பும் அட்டைதான் க்யூஎஸ்எல். வழக்கமான அளவு 14 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர். முன்பக்கம் கால்சைன் (ஹாமுக்கு உரிமத்தோடு தரப்படும் அடையாளக் குறி) பெரிதாக இருக்கும், அதன் பின்னணியில் ஊர்ப் படமோ ஆண்டெனா படமோ. விவரங்கள் இன்னொரு பக்கம்.

அந்த விவரப் பக்கத்தில்தான் எனக்கு அக்கறை அதிகம். முதலில் எதிர்முனையின் கால்சைன். பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போடுவேன்; போடாவிட்டால் அது எண்ணா, 'ஓ' என்ற எழுத்தா என்று கார்டு பிரிப்பவர் திண்டாடுவார். அப்புறம் தேதி. 03/04 என்று எழுதினால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்பது படிப்பவரின் நாட்டைப் பொறுத்தது. அதனால் மாதத்தை எழுத்தில்தான் எழுதுவேன். சிலர் மாதத்துக்கு ரோமன் எண் போடுகிறார்கள், அதிலும் குழப்பம் வராது. நேரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் மட்டும். கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு விடியற்காலைத் தொடர்பு யுடிசிபடி முந்தின நாள் கணக்கில் போய்விடக்கூடும். லாக்கை, அதாவது தொடர்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டை, பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும், ஞாபகத்தை நம்பக் கூடாது. அடுத்து பேண்ட், மோட் (குரலா, மோர்ஸா என்பது போன்ற தொடர்பு முறை). இருவரும் ஒரே மோடில் பேசியிருந்தால் 'டூ வே' என்று குறிப்பிடுவது நல்லது. கடைசியாக சிக்னல் ரிப்போர்ட், அதாவது அவருடைய சிக்னல் எனக்கு எப்படிக் கேட்டது என்ற கணக்கு.

இதை எல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும். திருத்திய கார்டை டிஎக்ஸ்சிசி விருதுக்கு ஏற்க மாட்டார்கள். நூறு நாடுகளோடு, அவர்கள் கணக்கில் 'என்டிட்டி'களோடு, தொடர்பு கொண்டதை நிரூபிப்பவர்களுக்கு அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் தரும் விருது அது. 1937-இல் தொடங்கியது. இன்றைய பட்டியலில் 340 என்டிட்டிகள் இருக்கின்றன. நம்மிடமிருந்து போகும் கார்டு, வாங்குபவருக்கு அந்த நூறாவது கார்டாக இருக்கலாம். நமக்கு அது எப்படித் தெரியும்? தெரியாது என்பதாலேயே ஒவ்வொன்றையும் நூறாவது கார்டு மாதிரி எழுத வேண்டும் என்பது என் கட்சி. பளபளப்பு ஏற்றிய பக்கத்தில் மை பேனா சரிப்படாது, விரல் பட்டாலே இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் அச்சடிக்கும்போதே விவரப் பக்கத்தை மட்டும் பளபளப்பில்லாமல் விடச் சொல்வேன்.

அனுப்ப இரண்டு வழி. அவசரம் என்றால் டைரக்ட்: கார்டோடு சுயவிலாசமிட்ட உறை, பதில் தபால் செலவுக்கு ஒன்றிரண்டு டாலர். டாலர் நோட்டுக்கு ஹாம்களிடையே 'க்ரீன் ஸ்டாம்ப்' என்றே பெயர். 1906-இல் உலக அஞ்சல் ஒன்றியம் கொண்டுவந்த பதில் கூப்பன் முன்பு இந்த வேலையைச் செய்தது. இப்போது பல நாடுகளில் அதை விற்பதில்லை. ஒன்று கவனியுங்கள்: உறையின் மேல் கால்சைனை எழுதாதீர்கள். கால்சைன் இருந்தால் உள்ளே பணம் இருக்கிறது என்று அர்த்தம் என்பதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் உண்டு.

அவசரமில்லை என்றால் பீரோ. பல நாடுகளின் ஹாம் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களின் கார்டுகளைச் சேர்த்து, நாடுவாரியாகக் கட்டி, அங்குள்ள சங்கத்துக்கு மொத்தமாக அனுப்பும். அங்கே தன்னார்வலர்கள் உட்கார்ந்து கால்சைன் வாரியாகப் பிரிப்பார்கள். ஒரு கார்டு போய்ச் சேர மாதங்களும் ஆகும், வருடங்களும் ஆகும். எனக்கு இந்தத் தாமதத்தில் வருத்தமே இல்லை. பேசியதையே மறந்துபோன ஒரு குளிர்கால இரவு திடீரென்று கையில் வந்து நிற்கும், லாக்கைப் புரட்டிப் பார்த்தால் அதே நிமிடம் அங்கே பதிவாகியிருக்கும்.

பழைய கார்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தவை சோவியத் காலத்தவை. அந்தப் பரந்த நாட்டின் எந்த மூலையில் இருந்த ஹாமுக்கும் முகவரி ஒன்றுதான்: அஞ்சல் பெட்டி 88, மாஸ்கோ. வீட்டு முகவரி தர முடியாத நிலையிலும் பதில் கார்டு அனுப்பியவர்கள் அவர்கள். சோவியத் யூனியன், கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா எதுவுமே இன்று வரைபடத்தில் இல்லை, கார்டுகள் இருக்கின்றன. வியன்னாவில் ஒரு ஆவணக் காப்பகம் இப்படிப்பட்ட கார்டுகளை லட்சக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது. மறைந்த ஹாம்களின் சேகரிப்புகளும் அங்கே போய்ச் சேருகின்றன. வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், பழைய காகிதத்தோடு போடுவதற்கு முன் ஒரு ஹாமிடம் காட்டிவிடுங்கள்.

பதில் போடுவதில் பெரிய ஆள், சின்ன ஆள் என்பதும் கிடையாது. ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஜேஒய்1 என்ற கால்சைனில் வானலைக்கு வந்துகொண்டிருந்தார். அவரோடு பேசியவர்களுக்குக் கார்டு போனது, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்கள் இன்றும் உண்டு. ஒரு மன்னரிடமிருந்து பதில் வந்தது என்றால் நமக்கு நேரமில்லை என்று எப்படிச் சொல்வது?

சரி, ஆன்லைன் விஷயத்துக்கு வருகிறேன். 2000-இல் இக்யூஎஸ்எல் என்ற இணையதளம் வந்தது, 2003-இல் ஏஆர்ஆர்எல்-லின் 'லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட்'. இரண்டு பேரின் லாக்கும் பொருந்தினால் அங்கே தொடர்பு உறுதியாகிவிடும்; பின்னதில் உறுதியானது டிஎக்ஸ்சிசிக்கும் செல்லும். நானும் லாக்கைத் தவறாமல் ஏற்றுகிறேன். வெறும் விருதுதான் குறி என்றால் அது போதும், தபால் செலவும் மிச்சம். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 2017-இல் எஃப்டி8 என்ற டிஜிட்டல் மோட் வந்த பிறகு கார்டின் தேவை எனக்குக் கூடியிருக்கிறது, குறையவில்லை. எஃப்டி8-இல் ஒவ்வொருவருக்கும் 15 விநாடி முறை. கால்சைன், இருக்கும் இடத்தைக் காட்டும் கிரிட் எண், டெசிபலில் ஒரு ரிப்போர்ட், விடைபெறும் குறி, அவ்வளவுதான். கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள, பெயர்கூடத் தெரியாமல் பிரிந்துவிடுகிறோம். அப்படி ஒரு தொடர்புக்கு வந்த கார்டில், ரிப்போர்ட் கட்டத்தில் -17 என்று இருந்தது, அதன் கீழே சின்ன எழுத்தில், "இரண்டு நாளாகப் புயல். ஆண்டெனா ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அப்படியும் உங்களுக்குக் கேட்டதா!" வானலையில் சொல்ல இடமே இல்லாத அந்த மூன்று வரிக்கு இடம் கார்டில் மட்டும்தான் இருந்தது. பதிலில் நான் என் ஆண்டெனாவைப் பற்றி, அன்றைக்கு பேண்ட் எப்படித் திறந்து தூரத்துச் சிக்னல் வந்தது என்பதைப் பற்றி, ஓரம் வரைக்கும் எழுதி நிரப்பினேன்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். லைசென்ஸ் எடுக்காமல் வெறுமனே ரிசீவர் வைத்துக் கேட்பவர்கள், எஸ்டபிள்யூஎல்-கள். "நீங்கள் இன்னாரோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்" என்று கார்டு அனுப்புவார்கள். நான் யாரோடு பேசினேன் என்பதையும் அவர்கள் குறித்திருப்பதால் லாக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம். இவற்றால் நமக்கு விருதுக் கணக்கில் பயனில்லை என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. பொறுமையாகக் கேட்டு, எழுதி, தபால் தலை ஒட்டி அனுப்பியிருக்கிறார்; நாளைக்கு அவரே கால்சைன் வாங்கி நம்மைக் கூப்பிடலாம். இப்போது இருக்கும் கார்டில் கேட்பவர்களுக்கென்று கட்டம் இல்லை, ஓரத்தில் கையால் எழுதி அனுப்புகிறேன். அடுத்து அச்சடிக்கும் கார்டில் 'உங்கள் கேட்பு அறிக்கை சரியே' என்று தனியாக ஒரு வரி சேர்த்துவிட்டேன். மாதிரிப் பிரதி பார்த்தாகிவிட்டது, எழுத்து மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும்.