ஹாத்தோர்ன் தொகுதி கைமாறிய இரவு

மெல்போர்னின் கிழக்குப் புறநகர் ஹாத்தோர்ன், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சட்டமன்றத்தில் லிபரல் கட்சியின் கோட்டை. 1950களில் சில ஆண்டுகள் தொழிற்கட்சி வைத்திருந்தது, அவ்வளவுதான். 2010இல் முதல்வரான டெட் பெய்லியூவின் தொகுதியும் இதுவே.

2018 நவம்பர் மாநிலத் தேர்தலில் கோட்டை சரிந்தது. தொகுதியின் லிபரல் உறுப்பினர் ஜான் பெசூட்டோ அன்றிரவு தொலைக்காட்சி அரங்கில் விருந்தினர். தொகுதி கைநழுவுவதை நேரலையிலேயே பார்க்க வேண்டியதாயிற்று. நிதானம் இழக்காமல் பேசினார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

வென்றவர் தொழிற்கட்சியின் ஜான் கென்னடி, எழுபதைத் தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர், முதியோர் குடியிருப்பில் வசித்தவர். முதல் விருப்ப வாக்குகளில் முந்தியது என்னவோ பெசூட்டோதான். ஆனால் அங்கே வாக்குச்சீட்டில் எல்லா வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 என்று வரிசை போட வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள். பசுமைக் கட்சிக்கு 1 போட்டவர்களில் பெரும்பாலோர் பெசூட்டோவுக்கு முன்னால் கென்னடியை வைத்திருந்தார்கள். சில நூறு வாக்குகளில் முடிவு மாறியது. தோற்றவருக்குப் போட்ட ஓட்டும் வீணாகாத இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

2022இல் பெசூட்டோ தொகுதியை மீட்டார். அப்போது கடைசிச் சுற்றுவரை வந்தது சுயேச்சை மெலிசா லோவ், கென்னடி மூன்றாமிடம். அடுத்த மாதமே பெசூட்டோ எதிர்க்கட்சித் தலைவரானார்.