வெள்ள உதவிக்கு ஒரு விதி, ஹீட் பம்ப்புக்கு நேர் எதிர் விதி

ஹீட் பம்ப் மானியப் பணம் ஒருவழியாகக் கணக்குக்கு வந்துவிட்டது. எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை. ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் கடை வைத்துக்கொண்டு, 2021 வெள்ளத்துக்குப் பிறகு தற்காலிக ஹீட்டிங்கிலேயே காலம் தள்ளுகிறவர்கள் நம்மவர்களிலும் இருப்பார்கள். அவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது பாட் நொயனார்-ஆர்வைலரில் ஒரு சலவைக் கடை. மேலே ஒரு சின்ன வீடு. ஜூலை 14 இரவு நிலவறையில் இருந்த எண்ணெய்த் தொட்டி மிதந்து, குழாயைப் பிய்த்துக்கொண்டு கவிழ்ந்தது. சேறும் எண்ணெயும் சேர்ந்து ஏறிய சுவரைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செங்கல் தெரியும்வரை பூச்சைக் கொத்தி எடுத்தோம். பாய்லருக்குக் காப்பீடு ஒரு தொகை கொடுத்தது. சுவருக்கும் இயந்திரங்களுக்கும் அரசின் 30 பில்லியன் யூரோ வெள்ள மறுசீரமைப்பு நிதியிலிருந்து, சேதத்தில் 80 சதவீதம் வரை என்ற கணக்கில் உதவி வந்தது. மெதுவாக வந்தது, ஆனால் பெரிய சண்டை இல்லை.

சண்டையெல்லாம் ஹீட்டிங்கை மாற்றப் போனபோதுதான். மறுபடியும் ஆயில் பாய்லர் வைக்கும் எண்ணமே இல்லை. அதோடு, வெள்ளப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், நியாயமான செலவில் வேறு வழி இருந்தால் புதிய ஆயில் ஹீட்டிங்குக்குச் சட்டமே இடம் கொடுப்பதில்லை. ஆகவே ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துக் கட்டடத்தைச் சூடாக்கும் இயந்திரம். நிறுவனங்களின் கட்டடங்களுக்குக் கேஎஃப்டபிள்யூ (KfW) என்ற அரசு வங்கியின் 522-ஆம் திட்டம் 30 சதவீதம் மானியம் தருகிறது. புரோப்பேன் போன்ற இயற்கைக் குளிர்பொருளில் ஓடும் பம்ப் என்றால் இன்னும் 5 சதவீதம்.

முதல் குழி, எல்லோரும் விழக்கூடியது. உதவி முகாமில் ஒரு ஆலோசகர், “நீங்கள் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள்தானே, வேலையை ஆரம்பித்துவிடுங்கள், பில்லை அப்புறம் கொடுக்கலாம்” என்றார். வெள்ள நிதியைப் பொறுத்தவரை அது சரி. அங்கே முடித்த வேலைக்கும் பணம் உண்டு. ஹீட்டிங் மானியத்தில் கதை தலைகீழ். விண்ணப்பம் போட்ட பிறகுதான் வேலை தொடங்கலாம். ஆனால் விண்ணப்பம் போடும்போதே ஹீட் பம்ப் பொருத்தும் கம்பெனியோடு ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில், மானியம் கிடைத்தால்தான் இது செல்லும் என்ற பொருளில் ஒரு நிபந்தனையும், வேலை எப்போது முடியும் என்ற உத்தேசத் தேதியும் இருக்க வேண்டும்.

கம்பெனிக்காரர் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை இல்லை. கேட்டதற்கு, “இது வழக்கமான படிவம், யாரும் பார்ப்பதில்லை” என்றார். அங்கேயே கையெழுத்துப் போட்டிருந்தால் மானியம் மொத்தமும் போயிருக்கும். எரிசக்தி ஆலோசகர் ஒருவரிடம் காட்டியதால் தப்பித்தோம். அவருக்குக் கொடுத்த கூலி வீண் இல்லை; திட்டமிடலுக்கும் ஆலோசனைக்கும் முன்கூட்டியே செலவு செய்வது வேலை தொடங்கியதாகக் கணக்கில் வராது. அதனால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

அடுத்த கூத்து, விண்ணப்பத்துக்கு முன் நிறுவுபவர் கொடுக்க வேண்டிய உறுதிச்சான்று. மாடியில் ஒரு கட்டிலைப் பார்த்துவிட்டு மனிதர் “குடியிருப்பு” என்று பதிந்துவிட்டார். கட்டடத்தின் பெரும்பகுதி எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் கணக்கு. எங்களுடையதில் பெரும்பகுதி கடை, எனவே குடியிருப்பு அல்லாத கட்டடம். குடியிருப்புக்கு வேறு திட்ட எண். அந்தச் சான்றின் எண்ணோடு 522-இல் நுழையவே முடியவில்லை.

திருத்திக் கொடுத்த சான்றில் பரப்பளவு தவறு! சூடாக்கப்படும் தரை மொத்தம் 240 சதுர மீட்டர். அவர் மாடியையும் துணி வைக்கும் அறையையும் விட்டுவிட்டு 150 என்று போட்டிருந்தார். இது சின்ன விஷயம் இல்லை. 150 சதுர மீட்டர் வரை 30,000 யூரோ செலவுதான் கணக்கில் எடுப்பார்கள். அதற்கு மேல் 400 வரை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 200 யூரோ கூடும். 240 என்றால் வரம்பு 48,000. எங்கள் 35 சதவீதத்தில் 10,500-க்கும் 16,800-க்கும் உள்ள வித்தியாசம் அது.

பரப்பளவை நிரூபிக்க வரைபடம் வேண்டும். எங்கள் பிரதி நிலவறையில் இருந்தது. அதன் கதி தெரிந்ததே. கட்டடக் கோப்புகள் உள்ள அலுவலகத்துக்குப் போனால், அன்று அதற்குரியவர் விடுப்பு. இன்னொரு நாள் போனால் முன்பதிவு இல்லை. வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது மனைவிதான் கேட்டாள்: “வீட்டுக் கடன் வாங்கும்போது பேங்க்கில் ஒரு பிரதி கொடுத்தோமே?” கடன் கோப்பில் அப்படியே இருந்தது, முத்திரையோடு. ஆவணம் தொலைத்தவர்கள் முதலில் உங்கள் பேங்க்கைக் கேளுங்கள்.

இன்னொன்று. ஒரே செலவுக்கு இரண்டு பக்கம் பணம் வாங்குவதாகத் தோன்றும் எதையும் விட்டுவைக்காதீர்கள். வெள்ளச் சேத மதிப்பீட்டறிக்கையில் ஹீட்டிங் தனியாக இல்லாமல் “கட்டடம்” என்ற ஒரே வரிக்குள் கிடந்தது. மதிப்பீட்டாளரிடம் கெஞ்சி, பாய்லர் காப்பீட்டில் தீர்ந்தது, வெள்ள நிதியில் சேரவில்லை என்று பிரித்து எழுதி வாங்கினேன். அந்தக் கடிதம் வாங்கியபின்தான் தூக்கம் வந்தது.

விண்ணப்பம், அனுமதி, பொருத்தும் வேலை எல்லாம் தடங்கலின்றி முடிந்தன. ஹீட் பம்ப்பில் வெளியே வைக்கும் பகுதியை, வெள்ளப் பகுதி என்பதால், தரையில் வைக்க விடவில்லை. சுவரில் உயரமாக இரும்புச் சட்டம் அடித்து ஏற்றினோம். அந்தச் சட்டத்துக்கான செலவையும் அதே பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

மானியம் கடைசியில்தான் வரும், முழுப் பணத்தையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டும். அதையும் வங்கி வழியாகவே கொடுங்கள். கம்பெனிக்காரர் கடைசித் தவணையைக் கையில் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். ரொக்கமாகக் கொடுத்த காசுக்கு மானியம் கிடையாது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?