உவர்மலைச் சரிவும் ஒரு ஏர்த் வயரும்

எட்டு மாதமாக எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் கடிகாரம் தேவைப்படவில்லை. காலை ஆறே முக்காலுக்கு ஸ்டாட்டர் வேலை செய்யாத என் கெப், அதாவது பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வாகனம், சத்தமில்லாமல் சரிவில் உருளத் தொடங்கும். மூன்றாவது வீட்டு மதிலைத் தாண்டும்போது இரண்டாம் கியரில் கிளச்சை விடுவேன். ஒரு குலுக்கல், கொஞ்சம் கறுப்புப் புகை, எஞ்சின் பிடித்துவிடும். சீதன வீட்டைத் திருகோணமலை உவர்மலையில் கட்டிவைத்த மாமாவுக்கு அந்த எட்டு மாதத்தில் மனதுக்குள் சொன்ன நன்றியை நான் கல்யாணத்தன்றுகூடச் சொன்னதில்லை. சமதரையில் வீடு என்றால் ஒவ்வொரு நாளும் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லியிருக்க வேண்டும்.

கெப்பும் மாமாவுடையதுதான். 1992ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், எல்என்85, சிங்கிள் கெப், 2.4 லீற்றர் டீசல். இறக்கக்கண்டியிலிருந்து மீன் ஏற்றியது, பிறகு நிலாவெளித் தோட்டத்திலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றியது, மாமாவின் முழங்கால் கிளச் மிதிக்க மறுத்த பிறகு என்னிடம் வந்தது. வித்துவிட்டு வேறொன்று வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திறந்தபோது வரியோடு சேர்த்து விலையைக் கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஹைலக்ஸைக் கழுவினேன்.

நோய் தொடங்கியது ஒரு ‘டிக்’ சத்தத்தோடு. திறப்பைத் திருப்பினால் டிக். மீண்டும் திருப்பினால் மீண்டும் டிக். பற்றரி என்றார்கள், மாற்றினேன். இரண்டு கிழமை நன்றாக இருந்தது. பிறகு எஞ்சினைச் சுழற்றித் தொடக்கிவிடும் மோட்டாரான ஸ்டாட்டர் என்றார்கள். கழற்றிப் பார்த்தபோது அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான சோலனொயிட்டுக்குள் இருக்கும் செப்புத் தகடுகள் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தன. இந்த வகை ஸ்டாட்டர்களில் அது வழக்கமான தேய்மானம். தகடு இரண்டை மட்டும் மாற்றினால் போதும், முழு மோட்டாரையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. மாற்றினோம். ஒரு மாதம் ஓடியது. மறுபடி டிக்.

இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். ஒவ்வொரு முறையும் புதுச் சாமான் போட்டவுடன் கொஞ்ச நாள் சரியாக இருந்தது. அதனால் அந்தச் சாமான்தான் பிழை, அது இப்போது தீர்ந்தது, இது புதிதாக வந்த வேறு பிழை என்று நம்பிக்கொண்டேன். உண்மையில் பலவீனமான ஒரு சங்கிலியில் மற்ற வளையங்களை ஒவ்வொன்றாகப் பலப்படுத்திக்கொண்டிருந்தேன். இற்றுப்போன வளையம் அப்படியே கிடந்தது.

பிறகு பேய் வேலைகள் ஆரம்பித்தன. இரவில் ஹெட்லைற் போட்டால் எஞ்சின் சூடு காட்டும் முள் மேலே ஏறும், அணைத்தால் இறங்கும். வேகமானி முள் நடுங்கும். அக்சிலேற்றர் கேபிள் இறுகி, காலை எடுத்த பிறகும் எஞ்சின் கொஞ்சம் இரைந்துகொண்டே நிற்கும். இதற்கு மேலே ரிவேஸ் கியர் போட்டால் கரகரவென்று பல் உரசும் சத்தம். நான் வழமையாகப் போகும் கராஜில் மொத்தமாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டர்னேற்றர் மாற்ற வேண்டும், எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாற் மாற்ற வேண்டும், கியர்பொக்ஸை இறக்க வேண்டும். இந்த டீசல் எஞ்சினில் ஓல்டர்னேற்றர் என்றால் சும்மா இல்லை. பிரேக்குக்குத் தேவையான வெற்றிடத்தை உண்டாக்கும் பம்ப் அதன் முதுகிலேயே பூட்டியிருக்கிறது. பம்போடு சேர்த்து ரீகண்டிஷன் ஒன்று கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வர வேண்டும். விலையைக் கேட்ட மனைவி, “அதுக்கு ஒரு மாட்டு வண்டில் வாங்கலாம்” என்றாள்.

அப்போதுதான் சீனன்குடாப் பக்கம் சின்னதாய் ஒரு தகரக் கொட்டிலில் வேலை செய்யும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் மெக்கானிக்கைப் பற்றி ஒரு பழைய மாணவன் சொன்னான். கிண்ணியாவிலிருந்து காலையில் பாலத்தைக் கடந்து வருபவர். போனேன். அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது:

“சேர், கடைசியா கியர்பொக்ஸ் எப்ப இறக்கினது?”

“ரெண்டு வருசத்துக்கு முதல். கிளச் பிளேற் மாத்தினது.”

“அதுக்குப் பிறகுதானே இந்தக் கரைச்சல் எல்லாம்?”

அப்படி நான் யோசித்ததே இல்லை. டிக் சத்தம் எட்டு மாதக் கதை, கியர்பொக்ஸ் இறக்கியது இரண்டு வருடக் கதை. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கவில்லை.

நானா என்னைத் திறப்பைத் திருப்பச் சொன்னார். டிக், டிக், கொஞ்சம் முனகல். நாலைந்து தரம். பிறகு என்னை இறங்கி வரச் சொல்லி, அக்சிலேற்றர் கேபிளைக் காட்டி, “தொட்டுப் பாருங்க” என்றார். சூடு. ஓடாத எஞ்சினில், வெறும் இழுவைக் கம்பி ஒன்று சுடுகிறது! உறையின் பிளாஸ்ரிக் ஒரு இடத்தில் உருகிப் பளபளத்தது. கேபிள் இறுகியதற்குக் காரணமும் அதுதான்.

“ஸ்டாட்டருக்குப் போற கரண்ட் திரும்பி வர வழியில்லாம இந்தக் கம்பியால வருது சேர்.”

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவன். எனக்கு ரோசம் வந்தது. மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பி வரும் ஏர்த் வயரை நான் ஏற்கெனவே பாடசாலை ஆய்வுகூடத்து மல்ரிமீற்றரால் பார்த்தாயிற்று, ‘பீப்’ சத்தம் கேட்டது, தடை கிட்டத்தட்டப் பூச்சியம் என்றேன். நானா சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. “மீற்றர் பொய் சொல்லாது சேர். நீங்கதான் படுத்துக் கிடக்கிற வயரிட்டப் போய்க் கேட்டிருக்கிறீங்க. சுமை தூக்கேக்க கேளுங்க.”

சரி என்று மீற்றரை எடுத்தேன். இனி வரும் எண்கள் என்னுடையவை, அன்று ஒரு சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதியது. சும்மா நிற்கும்போது பற்றரி 12.6 வோல்ற்று, நல்ல பற்றரி. திறப்பைத் திருப்பும்போது பற்றரியின் இரு முனைகளுக்கும் இடையில் 10.9, அதுவும் நல்லது. பற்றரியின் நேர் முனைக்கும் ஸ்டாட்டரின் தடித்த முனைக்கும் இடையில் 0.3, பரவாயில்லை. பற்றரியின் மறை முனைக்கும் எஞ்சின் புளொக்குக்கும் இடையில் 2.3. அந்த இடத்தில் கால் வோல்ற்றுக்கு மேல் இருக்கவே கூடாது. 10.9இலிருந்து இரண்டையும் கழித்தால் பாவம் ஸ்டாட்டருக்குக் கிடைத்தது 8.3 வோல்ற்றுத்தான்.

இப்போது ஓமின் விதி. டீசல் எஞ்சினைச் சுழற்ற ஸ்டாட்டர் இருநூறு அம்பியர் அளவில் இழுக்கும். 2.3ஐ 200ஆல் பிரித்தால் 0.0115 ஓம். ஒரு ஓமின் நூறில் ஒரு பங்கு! என் மீற்றரின் இரண்டு வயர்களுக்கே அதைப்போல இருபது மடங்கு தடை இருக்கும். அது எப்படி அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும்? நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு V = IR எழுதிக் கொடுத்த கை இது. மின்னோட்டம் ஓடாதபோது எவ்வளவு மோசமான தொடுப்பும் யோக்கியமாகத்தான் தெரியும் என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை, எனக்கே சொன்னதில்லை.

கீழே படுத்துப் பார்த்தோம். பற்றரியிலிருந்து வரும் தடித்த ஏர்த் கேபிள் கியர்பொக்ஸின் மணி வடிவ முன் உறை எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு போல்ற்றில் பிடிக்கிறது. கிளச் மாற்றியபோது அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். திருப்பிப் பூட்டியவர்கள் பெயின்ற்றைச் சுரண்டாமல், வொஷருக்கு மேல் வைத்து இறுக்கியிருக்கிறார்கள். எஞ்சினையும் பொடியையும் (வாகனத்தின் உடம்பையும்) இணைக்கும் இரண்டாவது பட்டை வயரைப் பூட்டவே இல்லை. அது வெறும் நுனியோடு தொங்கிக்கொண்டிருந்தது. மீதி வேலையைக் கடல்காற்றுச் செய்துவிட்டது. மூன்று பக்கமும் கடல், பெயரிலேயே உவர் உள்ள மலை; கேபிள் நுனியிலுள்ள செப்பு வளையமான லக் பச்சைத் தூளாகி, ஸ்பனர் வைத்ததும் பாதி உதிர்ந்து நானாவின் முகத்தில் விழுந்தது.

ஹெட்லைற் போட்டால் எஞ்சின் ‘சூடாகிற’ மர்மமும் இதிலேயே அவிழ்ந்தது. சூடு பார்க்கும் சென்சர் ஏர்த் எடுப்பது எஞ்சின் உடம்பில். லைற்றுக்குப் போன மின்னோட்டம் பொடி வழியாக ஓல்டர்னேற்றருக்குத் திரும்பும்போது, பொடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருந்த அந்தக் கெட்ட தொடுப்பில் கொஞ்சம் வோல்ற்று விழும். முள்ளுக்கு அதுவும் சூடுதான். தெர்மோஸ்டாற் ஒரு பாவமும் அறியாதது. வேகமானிக் கேபிளும் அப்படியே: கியர்பொக்ஸிலிருந்து டாஷ்போட்டுக்கு ஓடும் உலோகக் கம்பி என்பதால் அதுவும் கொஞ்சம் மின்னோட்டத்தைச் சுமந்து உள்ளே வெந்திருந்தது.

முப்பத்தைந்து சதுர மில்லிமீற்றர் கேபிள் வாங்கி, புது லக் அழுத்திப் பூட்டினோம். தொடும் இடத்தை எமரிக் கடதாசியால் வெள்ளி மாதிரித் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசினோம். இறுக்க முதல் பூசக்கூடாது என்பதில் நானா கண்டிப்பானவர். தொங்கிய பட்டை வயருக்குப் பதிலாகப் புதிது ஒன்று. பழைய போல்ற்றையே நானா கழுவிப் பூட்டினார். திறப்பைத் திருப்பினேன். அரைச் சுற்றில் பிடித்தது. அதே இடத்தில் இப்போது 0.2 வோல்ற்று. லைற் போட்டபடி பற்றரியில் முன்பு 13.1 காட்டிய சார்ஜ் இப்போது 14.1. ‘மாற்ற வேண்டிய’ ஓல்டர்னேற்றர் அதேதான்.

கியர்பொக்ஸுக்கு நானா செலவழித்தது பத்து நிமிடம். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். வெண்ணெய் மாதிரிப் போனது. எஞ்சின் ஓடும்போது ரிவேஸ் கரகரத்தது. அதாவது பற்கள் பிழையில்லை, கிளச் முழுக்க விடுபடவில்லை. முன் கியர்களில் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம் இருப்பதால் அவை பொறுத்துப் போகும். ரிவேஸில் அது இல்லை, ஆகவே கிளச் கொஞ்சம் இழுத்தாலும் முதலில் கத்துவது ரிவேஸ்தான். பிறகு பெடலை இரண்டு தரம் வேகமாக அமத்திவிட்டுப் போடச் சொன்னார். சத்தமே இல்லாமல் விழுந்தது. “கியர்பொக்ஸ் இல்ல சேர், கீழ் பம்ப்.” பெடலை அமத்தும்போது கிளச்சை விடுவிக்கும், கியர்பொக்ஸ் பக்கத்தில் உள்ள அந்தச் சின்ன சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கியதும் பிரேக் ஒயில் சொட்டியது. நியூற்றலில் பெடலை அமத்தியும் விட்டும் காது கொடுத்தார்: விட்டிருக்கும்போது இரைந்து, அமத்தினால் நின்றால் கியர்பொக்ஸின் முன் பெயாரிங், அமத்தும்போது மட்டும் இரைந்தால் கிளச் பெயாரிங். என்னுடையதில் இரண்டும் இல்லை. கடைசியாகக் கியர்பொக்ஸின் பக்கத்து மூடியைக் கழற்றிச் சுண்டுவிரலை விட்டார். ஒயில் ஓட்டையின் விளிம்பில் நின்றால் சரி. அரை அங்குலம் குறைவு, ஊற்றினோம்.

கீழ் பம்ப்பின் ரப்பர்களை வாங்கி வந்து நானே வீட்டில் மாற்றினேன். ஒயிலுக்குள் புகுந்த காற்றைப் பிடுங்க இரண்டு பேர் வேண்டும். மகள் பெடலில், நான் கீழே. “அமத்து… பிடி… விடாதே… இப்ப விடு.” பதினைந்தாவது தரம், “அப்பா, இதுக்குத்தானா என்னைப் படிக்கிற நேரத்தில எழுப்பினீங்க?” என்று மேலிருந்து கேட்டது. குமிழி நிற்கும் வரை அவள் அமத்தினாள், அதைச் சொல்ல வேண்டும்.

மாமாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ஓல்டர்னேற்றரும் இல்லை, கியர்பொக்ஸும் இல்லை, ஒரு போல்ற்றும் ரப்பரும்தான் என்றேன். நம்பவில்லை. “அது எங்கட வாகனம் மருமகன், சொன்னாக் கேக்கும். நீங்க அதட்டியிருப்பீங்க.” மீன் ஏற்றிய காலத்தில் ஐஸ் தண்ணீர் ஒழுகிய உப்பெல்லாம் பின்பக்க வயர்களில் இன்னும் இருக்கிறது என்று நான் சொன்னபோது பேச்சை வெங்காயத்துக்கு மாற்றிவிட்டார்.

உண்மையில் அது பாக்கி. இடது பக்கச் சிக்னல் போட்டால் பிரேக் லைற்றும் சேர்ந்து கண்ணடிக்கிறது. பின் விளக்கின் ஏர்த்தும் போயிருக்கிறது என்று இப்போது எனக்கே தெரியும், மீற்றரோடு சிகரெட் பெட்டியும் தயார். ஆனாலும் நானாவிடம் ஒரு சொல் கேட்டேன். “வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்ச பிறகு வாங்க சேர். அதுக்குள்ள நீங்களே கழட்டிப் போட்டுட்டு வந்திடாதீங்க.”