குடுவைக்குள் ஒரு புதினாத் தளிர்
பெப்பர்மின்ட் புதினா, இரண்டு புதினா இனங்கள் கலந்து பிறந்ததால் முளைக்கும் விதை தருவதில்லை. தண்டை வெட்டி நட்டுப் பெருக்கும்போது தாய்ச்செடியின் வைரஸும் கூடவே வந்துவிடுகிறது. அதனால்தான் நுனிமொட்டிலிருந்து வைரஸ் பெரும்பாலும் எட்டாத, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்முனையை மட்டும் நுண்ணோக்கியின் கீழ் வெட்டி எடுத்து, 1962-இல் தாவர அறிவியலாளர்கள் முராஷிகேயும் ஸ்கூக்கும் வகுத்த ஊட்ட ஊடகத்தில் வளர்க்கிறேன். இன்று காலை ஒரு குடுவையில் ஊசிமுனை அளவில் இரண்டு பச்சைத் தளிர்கள் தெரிந்தன. வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

என் அனுபவத்தில், குடுவையை விட்டு வெளியே வரும் நாட்களே மிகக் கடினமானவை. ஈரக்காற்றிலேயே வளர்ந்த இலைகளில் மெழுகுப்பூச்சு சரியாக உருவாகியிராது. இலைத்துளைகளும் சரிவர மூடாததால் ஒரே பிற்பகலில் செடி துவண்டுவிடும். ஆகவே, வேரில் ஒட்டிய அகாரை (ஊடகத்தைக் கெட்டியாக்கும் கூழை) கழுவி, தென்னை நார்க்கழிவில் நட்டு, பாலித்தீன் உறையால் மூடி, நாளுக்குக் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்குகிறேன்.