பாட் வெறுங்கையோடு திரும்பும் பக்கங்கள்

"சாட்ஜிபிடியிடம் கேட்டால் நம் தளம் ஏன் வருவதில்லை?" இணையதளப் பராமரிப்பு வேலையில் இப்போது இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கட்டுரைகளை எப்படித் திருத்தி எழுதலாம் என்ற ஆலோசனையைத்தான் கேட்பவர் எதிர்பார்க்கிறார். ஆனால் பெரும்பாலும் அதற்கு முன்பே கோளாறு அகப்பட்டுவிடும். பாட் (பக்கங்களை எடுத்துப்போக ஏஐ நிறுவனங்கள் அனுப்பும் தானியங்கி நிரல்) வந்திருக்கும், 403, அதாவது அனுமதி இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு போயிருக்கும். அல்லது 200, அதாவது எல்லாம் சரி என்ற பதிலோடு எழுத்தே இல்லாத ஒரு பக்கம் அதற்குக் கிடைத்திருக்கும். அதைச் சரிசெய்யும்வரை எழுத்து நடையைப் பற்றிய பேச்சை ஒத்திப்போடலாம்.

முதலில், எந்த பாட் எந்தப் பக்கத்துக்கு வரலாம் என்று தளம் எழுதிவைக்கும் ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பு. ஒரே நிறுவனம் வெவ்வேறு வேலைக்கு வெவ்வேறு பாட்களை அனுப்புகிறது. சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐயின் ஜிபிடிபாட் மாடல்களின் பயிற்சிக்குத் தரவு திரட்டுகிறது. ஓஏஐ-சர்ச்பாட் தேடல் முடிவுகளுக்கானது. சாட்ஜிபிடி-யூசர், யாரோ ஒருவர் கேள்வி கேட்ட அந்த நேரத்தில் பக்கத்தைத் திறந்து பார்ப்பது. கிளாட் உதவியாளரை உருவாக்கும் ஆந்த்ரோபிக்கிலும் கிளாட்பாட், கிளாட்-சர்ச்பாட், கிளாட்-யூசர் என்று அதே பிரிவினை உண்டு. "பயிற்சிக்குத் தர மாட்டோம், பதில்களில் எங்கள் பக்கத்தைக் காட்டட்டும்" என்று ஒரு தளம் முடிவெடுத்தால் பயிற்சி பாட்களை மட்டும் தடுத்தால் போதும். கோபத்தில் எல்லாவற்றையும் சேர்த்துத் தடுத்துவிட்டு, பிறகு காணவில்லையே என்று தேடுகிறவர்கள் நிறைய. கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயரில் தனியாக ஒரு பாட் வருவதே இல்லை. அது அந்தக் கோப்பில் எழுதுவதற்கான பெயர் மட்டுமே. அதைத் தடுத்தாலும் கூகுள் தேடலின் மேலே வரும் ஏஐ சுருக்கத்திலிருந்து தளம் விலகிவிடாது. அந்தச் சுருக்கம் கூகுள்பாட் எடுத்துப்போகும் பக்கங்களிலிருந்து உருவாவது.

இந்தக் கோப்பில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. எல்லா பாட்களையும் குறிக்கும் நட்சத்திரக் குறிக்குக் கீழே பத்து விதிகள் எழுதியிருப்பார்கள். பிறகு ஒரு பாட்டின் பெயரைப் போட்டு, அதற்கென்று ஒரே ஒரு விதியைச் சேர்ப்பார்கள். அந்த பாட் இனி தன் பெயருள்ள பகுதியை மட்டுமே படிக்கும், மேலே உள்ள பத்தும் அதற்குப் பொருந்தாது. மூடிவைத்த பகுதிகள் எல்லாம் திறந்துகொள்ளும். இன்னொன்று: இந்தக் கோப்பைக் கேட்டால் 404 (அப்படி ஒன்று இல்லை) என்று வந்தால் தடையே இல்லை என்று பொருள். 500 வகைப் பிழை (சர்வர் கோளாறு) வந்தால் தளம் முழுவதும் தடை என்று பாட் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்தக் கோப்புக்கான இணையத் தரநிலையாக 2022இல் வந்த ஆர்எஃப்சி 9309இன் விதி. சர்வர் திணறும் நேரங்களில் தளம் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பயனர் கேட்டதற்காக வரும் பாட்கள் எல்லாமே இந்தக் கோப்புக்குக் கட்டுப்படும் என்றும் நம்பிவிடக் கூடாது.

கோப்பு சரியாக இருந்தும் 403 வருகிறதென்றால் நடுவில் இருக்கும் சிடிஎன்னையும் (பக்கங்களை சர்வருக்குப் பதிலாக வாசகருக்குக் கொண்டுபோய்த் தரும் இடைநிலைச் சேவை) ஃபயர்வாலையும் (வேண்டாதவர்களைத் தடுக்கும் காவல் அமைப்பு) பார்க்க வேண்டும். இத்தகைய சேவை தரும் கிளவுட்ஃபிளேர் 2025 ஜூலையிலிருந்து புதிதாகச் சேரும் தளங்களுக்கு ஏஐ பாட்களைத் தடுப்பதையே இயல்பு அமைப்பாக வைத்திருக்கிறது. அந்த சுவிட்ச் இருக்கும் இடம் உள்ளடக்கக் குழுவுக்குத் தெரியாது. அதைப் போட்டவருக்கு உள்ளடக்கத்தைப் பற்றிக் கவலையில்லை. பக்கத்தை எடுத்துப் பார்க்க உதவும் கர்ல் கட்டளையில் பாட்டின் யூசர் ஏஜென்ட் பெயரை (வருபவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெயர்) கொடுத்துச் சோதிப்பது வழக்கம், ஆனால் அதில் ஏமாற இடமுண்டு. நம் ஐபி முகவரியிலிருந்து அந்தப் பெயரில் போனால் போலி என்று தடுக்கும் ஃபயர்வால், உண்மையான பாட்டை உள்ளே விடக்கூடும். யார் வந்தார், என்ன பதில் போனது என்று பதிவாகும் சர்வர் லாகில் அந்த பாட்டுக்குக் கிடைத்த பதில் எண்ணே முடிவான சாட்சி. யூசர் ஏஜென்ட் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம் என்பதால், நிறுவனங்கள் வெளியிடும் ஐபி பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே அந்த வரியை நம்ப வேண்டும்.

அடுத்தது வெற்றுப் பக்கம். பல தளங்களில் பக்கத்தின் எழுத்தை நிரப்புவது பிரௌசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல். கூகுள்பாட் அதை இயக்கிப் பார்க்கும். ஏஐ பாட்களில் பல, சர்வர் அனுப்பும் மூல எச்டிஎம்எல்லோடு நின்றுவிடுகின்றன. பிரௌசரில் "இன்ஸ்பெக்ட்" போட்டுப் பார்ப்பது இங்கே உதவாது. அது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிந்த பிறகான தோற்றம். "வியூ சோர்ஸ்" திறந்து, கட்டுரையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு வாக்கியத்தைத் தேட வேண்டும். அது அங்கே இல்லையென்றால் இந்த பாட்களுக்கும் இல்லை. சர்வர் பக்கமே பக்கத்தை உருவாக்கி அனுப்புவது தீர்வு. முழுத் தளத்தையும் மாற்ற முடியாவிட்டால், கேள்விகள் வரக்கூடிய பக்கங்களை மட்டுமாவது முன்கூட்டியே எச்டிஎம்எல்லாக்கி வைக்கலாம். கிளிக் செய்தால் விரியும் பகுதிகளைப் பற்றிப் பலருக்குத் தேவையில்லாத பயம். எழுத்து ஏற்கெனவே மூலத்தில் இருந்து, மறைந்து மட்டும் இருந்தால் பாதகமில்லை. கிளிக்குக்குப் பிறகுதான் சர்வரிலிருந்து வருகிறது என்றால் போச்சு.

தமிழ்த் தளங்களுக்கு இதில் கூடுதல் சுமை உண்டு. பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்து யூனிகோடுக்கு மாற்றாமல் விட்ட பக்கங்கள், அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். பாட்டுக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பிடிஎஃப் கோப்புகளும் அப்படியே. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால் அந்தக் கோப்பை நம்பியிருக்காமல் அதே செய்தியை எச்டிஎம்எல் பக்கமாகவும் போட வேண்டும். படமாகப் போட்ட அறிவிப்புகளையும் எழுத்தாகப் பக்கத்திலேயே தருவது நல்லது.

இவ்வளவும் முடிந்த பிறகே எழுத்துக்கு வர வேண்டும். பதில் தயாரிக்கும் அமைப்புகள் பல, நீண்ட பக்கத்தைத் துண்டுகளாக வெட்டி, கேள்விக்குப் பொருந்தும் துண்டை மட்டும் எடுக்கின்றன. "மேலே சொன்ன கட்டணமே இதற்கும்" என்ற வரி அப்படித் தனியே போனால் எதற்கும் உதவாது. எந்தச் சேவை, எவ்வளவு, எந்தத் தேதி நிலவரம் என்பது அந்தப் பத்திக்குள்ளேயே இருக்க வேண்டும். துணைத்தலைப்பில் "விவரங்கள்" என்று போடுவதைவிட "முகவரி மாற்றத்துக்குத் தேவையான ஆவணங்கள்" என்று போடலாம். அதற்காக ஒவ்வொரு பத்தியையும் கேள்வி பதிலாக உடைத்தால் மனிதர்கள் படிக்க முடியாமல் போகும். அந்த எல்லையை மீறிய பக்கங்கள் இப்போது பெருகிவிட்டன.

தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப்பில் ஒரு கோப்புக்கு 50,000 முகவரிகள் வரை வைக்கலாம். அதில் கவனிக்க வேண்டியது கடைசியாகத் திருத்திய தேதி. தளத்தை வெளியிடும் ஒவ்வொரு முறையும் எல்லாப் பக்கங்களுக்கும் அன்றைய தேதி விழும்படி விட்டால், தேடுபொறி அந்தத் தேதியை நம்புவதை நிறுத்திவிடும். பக்கத்தின் விவரங்களை இயந்திரங்களுக்குச் சொல்லும் ஸ்கீமா குறியீட்டில் ஆசிரியர், தேதி, நிறுவனம் மூன்றும் இருந்தால் நல்லது, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் தகவலோடு அவை முரண்படாதவரை. ஏஐ மாடல்களுக்குத் தளத்தைச் சுருக்கமாக அறிமுகப்படுத்தும் எல்எல்எம்எஸ்.டிஎக்ஸ்டி கோப்பு, 2024இல் ஏஐ ஆய்வாளர் ஜெரமி ஹோவர்ட் முன்வைத்த யோசனை. தன் தேடலுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் சொல்லிவிட்டது. கணினி நிரல் ஆவணங்கள் வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் போடலாம். மற்றவர்கள் அந்த நேரத்தை 403 தேடுவதில் செலவிடலாம்.

பலனை அளப்பதற்கு, சாட்ஜிபிடி போன்ற ஏஐ உதவியாளரிடம் நாமே கேள்வி கேட்டுப் பார்ப்பது போதாது. ஒரே கேள்விக்குப் பதிலும் இணைப்புகளும் முறைக்கு முறை மாறும். சாட்ஜிபிடியிலிருந்து வரும் கிளிக்குகளில், எங்கிருந்து வந்தது என்று முகவரியில் காட்டும் யூடிஎம் அடையாளம் பெரும்பாலும் ஒட்டியிருக்கும் என்பதால் அவற்றை எண்ண முடியும். பதிலைப் படித்துவிட்டு கிளிக் செய்யாமல் போனவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களைப் பற்றி ஓரளவுக்காவது தெரிய, லாகில் சாட்ஜிபிடி-யூசர் எந்தெந்தப் பக்கங்களுக்கு 200 வாங்கியது என்று வாரம் ஒருமுறை பிரித்தெடுத்துப் பார்க்கலாம்.